மூன்று வேளையும் ஃபாஸ்ட் ஃபுட், எடை ஏறவே இல்லை. அப்புறம் என்ன பிரச்சினை?

துரைப்பாக்கம்_ஆந்தை:
வணக்கம் மக்களே. வயது 27, உயரம் 5 அடி 9, எடை 62 கிலோ. கல்லூரி முடித்ததிலிருந்து இந்த 62 அசையவே இல்லை. அமெரிக்க நேரத்துக்கு வேலை, சாயங்காலம் கேப் ஏறினால் விடியற்காலையில்தான் இறங்குவேன். தங்கியிருப்பது பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி), அறையில் சமைக்கக் கூடாது, இண்டக்‌ஷன் அடுப்பைப் பார்த்தால் ஓனர் எடுத்து வைத்துக்கொள்வார். காலை டிபன் அங்கேயே போடுகிறார்கள், ஆனால் அப்போது நான் நல்ல தூக்கத்தில் இருப்பேன்.

மூணு மணிக்கு எழுந்தால் பிரியாணி, இல்லாவிட்டால் ஷவர்மா. ஆபீஸில் ரெண்டு டீ, ஒரு பஃப்ஸ். ராத்திரி பிரேக்கில் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் எக் ஃப்ரைட் ரைஸோ சிக்கன் நூடுல்ஸோ ஃபுல் ப்ளேட், கூட ஆள் இருந்தால் ஒரு சில்லி சிக்கன் சேரும். சனி ஞாயிறு என்றால் போனில் ஆர்டர் போட்டு பர்கர், ஃப்ரைஸ், கோலா. வீட்டுச் சாப்பாடு என்பது தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதுதான்.

என்னோடு அதே வண்டியில் சாப்பிடும் டீம்மேட்டுக்குப் பேன்ட் பட்டன் போட முடியவில்லை. எனக்குத் தொப்பையே இல்லை. வாய் ஓரத்தில் அடிக்கடி புண் வரும், டாய்லெட் ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன். “ஜங்க் சாப்பிடாதே” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வேண்டாம், அதை அம்மா தினமும் போனில் சொல்லிவிடுகிறார். ஒல்லியாக இருப்பவனுக்கு இதனால் உண்மையில் என்னதான் ஆகும்?

சால்னா_சங்கம்:
ஒன்றும் ஆகாது, அனுபவி ராஜா. எங்கள் பெரியப்பா விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டே வளர்ந்தவர், 78 வயதில் இன்னும் சைக்கிள் மிதிக்கிறார். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் டான் கோர்ஸ்கே என்று ஒருவர் இருக்கிறார், 1972-இலிருந்து பிக் மேக் சாப்பிடுகிறார், 30,000-ஐத் தாண்டி கின்னஸில் பெயர் இருக்கிறது. ஆளும் ஒல்லிதான். உடம்பு வாகு என்று ஒன்று இருக்கிறது ப்ரோ.

டெஸ்ட்_ட்யூப்:
உங்கள் பெரியப்பா மூன்று வேளையும் பரோட்டா சாப்பிட்டாரா, இல்லை காலையில் கேப்பைக் கூழும் மதியம் சோறு குழம்பும் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ரெண்டு பரோட்டா சாப்பிட்டாரா? அந்த அமெரிக்கரும் ஃப்ரைஸை அநேகமாகத் தொடுவதில்லை, நிறைய நடப்பேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் சொல்கிறார்கள்.

தம்பி, நான் திருச்சியில் லேபில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. தினமும் ரத்தம் எடுப்பதால் ஒன்று சொல்வேன், எடையை வைத்து ரிப்போர்ட்டைக் கணிக்கவே முடியாது. ஊசி மாதிரி இருப்பவருக்கு ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு முந்நூறைத் தாண்டும், குண்டாக இருப்பவருக்கு எல்லாம் நார்மலாக வரும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். புனேயைச் சேர்ந்த சர்க்கரை நோய் ஆய்வாளர் யாஜ்னிக், லண்டன் நண்பர் யுட்கின் என்று இரண்டு டாக்டர்கள் சேர்ந்து 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் அச்சு அசலாக 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. சட்டை போட்டுக்கொண்டு நின்றால் இருவருமே ஒல்லி. நமக்குக் கொழுப்பு தோலுக்கு அடியில் சேர்வதைவிட உள்ளே, ஈரலையும் குடலையும் சுற்றிச் சேர்வது அதிகம். அது கண்ணாடியில் தெரியாது. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23-லிருந்தே கவனிக்க வேண்டும் என்பது இதனால்தான். உங்களுக்கு 20 சொச்சம் வருகிறது, நல்ல எண்தான். ஆனால் அந்த எண் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

ரீல்பெட்டி:
‘சூப்பர் சைஸ் மீ’ என்று 2004-இல் ஒரு ஆவணப்படம் வந்ததே, யாரும் பார்க்கவில்லையா? மார்கன் ஸ்பர்லாக் 30 நாள் மெக்டொனால்ட்ஸ் தவிர வேறு எதையும் தொடவில்லை. 11 கிலோ ஏறியது, கொலஸ்ட்ரால் 230, ஈரல் கெட்டுவிட்டது, டாக்டர்களே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். முடிந்தது கதை.

கணக்குப்பிள்ளை:
கதை அதோடு முடியவில்லையே. ஸ்பர்லாக் 2017 டிசம்பரில் தானே ஓர் அறிக்கை எழுதினார், 13 வயதிலிருந்து விடாமல் குடிப்பதாகவும் முப்பது வருடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் குடிக்காமல் இருந்ததில்லை என்றும். படத்தில் டாக்டர் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பார், இப்போது இல்லை என்பது போலத்தான் பதில் வரும். அப்படியென்றால் அந்த ஈரல் ரிப்போர்ட்டில் பர்கரின் பங்கு எவ்வளவு, சாராயத்தின் பங்கு எவ்வளவு? யாராலும் பிரிக்க முடியாது. போதாததற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 கலோரி உள்ளே தள்ளினார். வீட்டு இட்லியை 5,000 கலோரிக்குச் சாப்பிட்டாலும் எடை ஏறத்தான் செய்யும். (மனிதர் 2024-இல் புற்றுநோயால் இறந்துவிட்டார். உடனே அதையும் பர்கர் கணக்கில் எழுதாதீர்கள்.)

அதற்கு நேர் எதிராக அயோவாவில் ஜான் சிஸ்னா என்ற பள்ளி அறிவியல் ஆசிரியர் 90 நாள் அதே மெக்டொனால்ட்ஸில் மட்டும் சாப்பிட்டார். நாளுக்கு 2,000 கலோரிதான், தினமும் முக்கால் மணி நேரம் நடை. 37 பவுண்டு, அதாவது 17 கிலோ கிட்ட, இறங்கியது. இவரைப் பார்த்து பர்கர் மருந்து என்று சொல்வதும் தப்பு, முதலில் கனமாக இருந்தவர் கலோரியைக் குறைத்து நடந்தார், இறங்கினார், அவ்வளவுதான். அந்தக் கம்பெனியே பிறகு அவரைப் பேச அழைத்துக்கொண்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த ரெண்டு தனி ஆள் வித்தையையும் ஒதுக்கிவிட்டு, ஸ்வீடனில் லிங்ஷோப்பிங் பல்கலையில் ஃப்ரெட்ரிக் நிஸ்ட்ரோம் குழு செய்ததைப் பாருங்கள், 2008-இல் வெளிவந்தது. ஆரோக்கியமான, குண்டாக இல்லாத 18 இளைஞர்கள், சராசரி வயது 26. அதாவது நம் ஆந்தை மாதிரியே. நாளைக்கு ரெண்டு வேளையாவது ஃபாஸ்ட் ஃபுட், நடை நாளுக்கு 5,000 காலடிக்கு மேல் கூடாது, நான்கு வாரம். சராசரியாக 6.4 கிலோ ஏறியது. எனக்கு முக்கியமாகப் பட்டது ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி, நம் ஊர் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி என்று வருமே, அது சராசரி 22-லிருந்து 97-க்குப் போனது. நாலே வாரத்தில். ஈரலில் கொழுப்பும் கூடியிருந்தது. அதிலும் எஸ்ஜிபிடி ஏறியது கொழுப்பைவிடச் சர்க்கரை, மாவுச்சத்தோடுதான் ஒத்துப்போனது. இதெல்லாம் நடக்கும்போது அவர்களுக்கு வெளியே என்ன தெரிந்திருக்கும்? கொஞ்சம் சோர்வு, பேன்ட் இறுக்கம். அவ்வளவுதான்.

துரைப்பாக்கம்_ஆந்தை:
@கணக்குப்பிள்ளை அண்ணா, அதில் எல்லோருக்கும் எடை ஏறியதே. எனக்குத்தான் ஏறவில்லை, அப்போது நான் அவ்வளவு கலோரி சாப்பிடவில்லை என்றுதானே அர்த்தம்? கலோரி சரியாக இருந்தால் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதானே? என் டீம்மேட் அதிகம் சாப்பிடுகிறான், ஏறுகிறது. நான் அளவாகச் சாப்பிடுகிறேன்.

வடமராட்சி_மச்சாள்:
தம்பி, இதற்கு நான் பதில் சொல்லுகிறேன். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், சாப்பாட்டில் சரியான அடம் பிடிக்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கிறபடியால் இந்தச் செய்தி வந்த நேரம் எனக்கு நித்திரையே வரவில்லை. 2019-இல் பிரிஸ்டல் கண் மருத்துவமனை டொக்டர்கள் எழுதிய ஒரு கேஸ். ஒரு பெடியன், ஆரம்பப் பள்ளிக்கூடக் காலம் தொட்டு அவன் சாப்பிட்டது சிப்ஸ் கடையில் வாங்கும் உருளைக்கிழங்குப் பொரியல், பாக்கெட் கிறிஸ்ப்ஸ், வெள்ளைப் பாண் (பிரெட்), பதப்படுத்திய ஹாம், சோசேஜ். இவ்வளவும்தான். மற்றச் சாப்பாடுகளைத் தொட்டால் பிடிக்காது, வாய்க்குள் அந்தப் பதமே ஒத்துக்கொள்ளாது.

14 வயதில் களைப்பு என்று காட்டியபோது பி12 குறைவு என்று ஊசி போட்டார்கள், பிறகு அவன் தொடர்ந்து போடவில்லை. பிறகு காது கேட்பது குறைந்தது, பார்வை மங்கியது. 17 வயதில் சட்டப்படி பார்வையற்றவன் என்று பதிகிற அளவுக்கு வந்துவிட்டது. பரிசோதித்தால் பி12 குறைவு, செம்பு குறைவு, செலினியம் குறைவு, வைட்டமின் டி குறைவு, எலும்பு அடர்த்தி குறைவு. கண் நரம்பு பட்டுப்போயிருந்தது. பிறகு சத்து மருந்து கொடுத்து மேலும் மோசமாகாமல் நிறுத்தினார்கள், போன பார்வை வரவில்லை.

தம்பிக்கு நான் சொல்ல வருவது இதுதான், அந்தப் பெடியனின் உயரமும் எடையும் சரியாகத்தான் இருந்தன. குண்டும் இல்லை, நோஞ்சானும் இல்லை. கலோரி போதுமான அளவு போய்க்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் ஒருவருக்கும் சாப்பாட்டில் சந்தேகம் வரவில்லை.

சால்னா_சங்கம்:
அக்கா, அது ரொம்ப அபூர்வமான கேஸ். அந்தப் பையனுக்குச் சாப்பாடு தொடர்பாக ஒரு கோளாறு இருந்தது. பயமுறுத்தாதீர்கள்.

வடமராட்சி_மச்சாள்:
அபூர்வம்தான், அதனால்தான் மருத்துவ இதழில் வந்தது. நான் கண் போய்விடும் என்று சொல்லவில்லை. “எடை சரி, ஆகவே சாப்பாடு சரி” என்ற கணக்கு பிழை என்று சொன்னேன்.

டெஸ்ட்_ட்யூப்:
அக்கா சொன்னது சரி. ஆனால் தம்பிக்கு பி12 அந்த அளவு விழ வாய்ப்புக் குறைவு, முட்டையும் கோழியும் வாரம் முழுக்க உள்ளே போகிறது. இவர் சாப்பாட்டில் கீரை, பருப்பு, பழம், பால், மோர் எதுவும் இல்லை. ஆகவே ஃபோலேட் என்ற பி வைட்டமின், வைட்டமின் சி, கால்சியம், நார்ச்சத்து இதெல்லாம்தான் என் சந்தேகம். வாய் ஓரத்துப் புண்ணுக்கு ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2), இரும்பு, ஃபோலேட் என்று பல காரணம் இருக்கலாம், வெறும் பூஞ்சையாகவும் இருக்கலாம், அதை டாக்டரிடம் காட்டுங்கள். டாய்லெட் விஷயத்துக்கு டாக்டர் தேவையில்லை, நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும். 100 கிராம் கோதுமை மாவில் 11 கிராம் போல இருக்கிறது, மைதாவில் 3 கூட வராது. பரோட்டா, பஃப்ஸ், பர்கர் பன், நூடுல்ஸ், ஷவர்மா ரொட்டி எல்லாமே மைதா. உங்கள் குடலுக்கு வேலையே வரவில்லை.

லண்டனில் டிம் ஸ்பெக்டர் என்ற பேராசிரியர் தன் மகனையே 10 நாள் பர்கர், நகெட்ஸ் மட்டும் சாப்பிட வைத்துப் பார்த்தார், குடலில் இருந்த பாக்டீரியா வகைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் காணாமல் போனதாக எழுதியிருக்கிறார். ஒரே ஓர் ஆள், அதுவும் சொந்தப் பையன், அதை ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இருந்தாலும் நார்ச்சத்து இல்லாவிட்டால் அந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனி இல்லை என்பதில் சந்தேகமே இல்லை.

மைதா_எதிரி:
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். மைதாவில் அலாக்ஸான் என்ற ரசாயனம் இருக்கிறது, எலிக்குச் சர்க்கரை வர வைக்க லேபில் அதைத்தான் ஊசி போடுகிறார்கள். ஃப்ரைட் ரைஸில் அஜினோமோட்டோ, அது நரம்பைத் தின்னும். இந்த ரெண்டையும் தடை செய்தால் பாதி நோய் போய்விடும்.

கணக்குப்பிள்ளை:
வாட்ஸ்அப்பில் பத்து வருடமாக ஓடும் செய்தி இது. அலாக்ஸான் எலியின் உடலில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லைக் கொல்வது உண்மை. ஊசியில் நேரடியாக, அதற்கென்று அளவு வைத்து ஏற்றுகிறார்கள். மனிதனின் பீட்டா செல் எலியுடையதைப் போல அதை உள்ளே இழுத்துக்கொள்வதில்லை. மாவை வெளுக்கும்போது மிச்சமாகும் துளியூண்டால் சர்க்கரை வருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. மைதா மேல் பழி போட நார்ச்சத்து இல்லாததும் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவதுமே போதுமே, எதற்கு எலிக் கதை?

அஜினோமோட்டோவும் அப்படித்தான். 1908-இல் ஜப்பானில் கிகுனே இகெடா என்ற விஞ்ஞானி கடற்பாசியிலிருந்து பிரித்தது. 1968-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு, சீன ஓட்டலில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று ஒரு டாக்டர் கடிதம் எழுதினார், அங்கே ஆரம்பித்த பயம் இன்னும் ஓயவில்லை. எதில் கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் சாப்பிடுபவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்த்த சோதனைகளில் அது நிலையாக நிரூபணம் ஆகவில்லை. அஜினோமோட்டோவில் உள்ள அதே குளுட்டமேட்தான் தக்காளியிலும் இருக்கிறது. அஜினோமோட்டோவில் சோடியம் 12 சதவீதம், சாதா உப்பில் 39. வண்டிக் கடையில் உண்மையான வில்லன் அதற்குப் பக்கத்து டப்பா, உப்பு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே ரெண்டு கிராமுக்கு மேல் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுக்க 5 கிராம் என்கிறது.

வாணலி_மகன்:
இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், வாணலிக்கு இந்தப் பக்கம் நிற்பவன் ஒருவனும் பேசட்டும். எங்கள் அப்பா இருபது வருடத்துக்கும் மேலாக ஃபாஸ்ட் ஃபுட் மாஸ்டர், இப்போது சொந்த வண்டி, லீவில் நானும் நிற்பேன். அதனால் யூகமாக இல்லாமல் சொல்கிறேன்.

ஒரு ஃபுல் ஃப்ரைட் ரைஸுக்கு முதலில் ஒரு குழிக்கரண்டி எண்ணெய் விழும். 50 மில்லிக்குக் குறையாது. அது பாமாயில். பல கடைகளில் அது புது எண்ணெய்கூட இல்லை, சாயங்காலம் சிக்கன் பொரித்த எண்ணெய்தான் கரண்டியில் மொண்டு விடுவார்கள், அதில்தான் வாசனை நன்றாக வரும் என்று கஸ்டமரே கேட்பார். அப்புறம் முட்டை, நறுக்கி வைத்த கோஸ், கேரட் ஒரு கைப்பிடி. அதுவும் எட்டு மணிக்குள் வந்தால்தான். பதினோரு மணிக்கு மேல் காய் தீர்ந்து டப்பாவின் அடியில் கோஸ் தூள்தான் இருக்கும், ஆந்தை அண்ணன் சாப்பிடுகிற நேரம் அதுதான். பிறகு மத்தியானமே வடித்து ஆற வைத்த சோறு, சூடான சோறு போட்டால் குழைந்துவிடும். உப்பு, வெள்ளை மிளகுத்தூள், அஜினோ, சோயா சாஸ், வினிகர். பெரிய பர்னர் என்பதால் மூணு நிமிஷத்தில் ப்ளேட்டுக்கு வந்துவிடும். சுவை இல்லை என்று திரும்பி வருபவர்கள் உண்டு, உப்பு ஜாஸ்தி என்று திரும்பி வந்தவரை நான் பார்த்ததே இல்லை.

சில்லி சிக்கன் நிறத்தைப் பற்றியும் கேட்பீர்கள். மிளகாய்த்தூளில் அந்தச் சிவப்பு வராது, கலர்ப்பொடிதான். நாங்கள் இப்போது போடுவதில்லை, ஆனால் போடாவிட்டால் “என்ன மாஸ்டர், வெளுத்துப்போயிருக்கு” என்கிறார்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் போடக்கூடாது என்றே உத்தரவு போட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
அருமை தம்பி. 50 மில்லி எண்ணெய் என்றால் அது மட்டுமே 400 கலோரிக்கு மேல், அதில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் சட்டம் இருக்கிறது. எண்ணெய் கெட்டுப்போனதை அளக்க மொத்த போலார் கூட்டுப்பொருள் என்று ஓர் அளவு, 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும், 2018 ஜூலையிலிருந்து நாடு முழுக்க இதுதான் விதி. பழைய எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டமும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிறது. தள்ளுவண்டியில் யார் அளக்கிறார்கள்?

வாணலி_மகன்:
அளக்கிற கருவியை ஒரு தடவை அதிகாரிகள் கொண்டுவந்து காட்டினார்கள். அதன் விலைக்கு நாங்கள் பல மாதம் எண்ணெய் வாங்குவோம். எண்ணெய் நுரைத்தால், கறுத்தால், புகை சீக்கிரம் வந்தால் மாற்ற வேண்டும், அப்பாவின் கணக்கு அதுதான். நேர்மையாகச் சொன்னால் எல்லா நாளும் மாற்றுவதில்லை.

பல்லாவரம்_பல்லவி:
இன்னொன்று இருக்கிறது, நுண்கிருமி. மேலே எல்லோரும் இருபது வருடம் கழித்து வரும் நோயைப் பற்றியே பேசுகிறீர்கள். ஷவர்மா சாப்பிட்டு 2023-இல் நாமக்கல்லில் 14 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள், அதற்கு முந்தைய வருடம் காசர்கோட்டில் ஒரு மாணவி. பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஒரு வருடம் தடை போட்டது. ஆந்தை மூணு மணிக்கு ஷவர்மா வாங்குகிறார், அந்தக் கறி எத்தனை மணியிலிருந்து கம்பியில் நிற்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாரா?

துரைப்பாக்கம்_ஆந்தை:
கேட்டதில்லை. கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார், இப்போதுதான் மாட்டினேன் என்பார்.

சரி, ஒல்லி வாதத்தை விட்டுவிடுகிறேன். இன்னொரு சந்தேகம். நான் அளவாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதினேன் இல்லையா, அது பசி பார்த்து நிறுத்துவதில்லை. ப்ளேட் காலியானால் நிறுத்துகிறேன். ஊரில் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டால் பாதியிலேயே போதும் என்று தோன்றும், இங்கே தோன்றுவதே இல்லை. இது எனக்கு மட்டுமா?

கணக்குப்பிள்ளை:
உனக்கு மட்டும் இல்லை, இதற்கு நல்ல சோதனையே இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு, 2019. 20 பேரை உள்ளேயே தங்க வைத்து, ரெண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, ரெண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ரெண்டிலும் ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் சராசரியாக ஒருவர் நாளைக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார், 0.9 கிலோ ஏறியது, மற்ற ரெண்டு வாரத்தில் அதே 0.9 இறங்கியது. அவர்கள் பெருந்தீனிக்காரர்கள் இல்லை, வேகமாகச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். மெல்லவே வேண்டாத சாப்பாடு, போதும் என்ற செய்தி மூளைக்குப் போவதற்குள் தட்டு காலி.

டெஸ்ட்_ட்யூப்:
அதில் ஒரு சிக்கல் இருக்கிறது கணக்குப்பிள்ளை. உணவை எவ்வளவு பதப்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரேசில் ஆய்வாளர் மோன்டெய்ரோ வகுத்த முறைப்படி பர்கர் பன், கோலா, பாக்கெட் சிப்ஸ் எல்லாம் கடைசி வகை, அதாவது மிக அதிகமாகப் பதப்படுத்திய ஆலை உணவு. வாணலி தம்பி போடும் ஃப்ரைட் ரைஸ் அதில் முழுதாக வராது. அரிசி, முட்டை, கோஸ், எண்ணெய், கண்ணெதிரே சமைப்பது. சாஸ் மட்டும்தான் ஆலைச் சரக்கு. ஆகவே அந்த ஆய்வை அப்படியே நம் தள்ளுவண்டிக்குத் தூக்கி வைக்க வேண்டாம். நம் வண்டியில் உள்ள கோளாறு வேறு, எண்ணெய், உப்பு, காய் இல்லாமை. இது சரி செய்யக்கூடிய கோளாறு, பர்கரை யாரும் நமக்காக மாற்றிச் செய்து தரப்போவதில்லை.

கணக்குப்பிள்ளை:
ஒப்புக்கொள்கிறேன், நல்ல பாயின்ட். நீண்ட காலக் கணக்கு வேண்டுமென்றால் அமெரிக்காவில் 18 முதல் 30 வயது வரையான 3,000 பேரை 15 வருடம் பின்தொடர்ந்தார்கள், 2005-இல் லான்செட்டில் வந்தது. வாரம் ரெண்டு தடவைக்கு மேல் ஃபாஸ்ட் ஃபுட் கடைக்குப் போனவர்களுக்கு, வாரம் ஒரு தடவைகூடப் போகாதவர்களைவிட 4.5 கிலோ அதிகம் ஏறியிருந்தது, இன்சுலின் எதிர்ப்பு (உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத நிலை) ரெண்டு மடங்கு கூடியிருந்தது. கவனிக்கவும், வாரம் ரெண்டு தடவை. நம் ஆள் நாளைக்கு மூணு.

பல்லாவரம்_பல்லவி:
எல்லோரும் ஆய்வு சொல்லிவிட்டீர்கள், யாராவது அவர் எங்கே போய்ச் சாப்பிடுவார் என்று சொன்னீர்களா? நானும் நைட் ஷிஃப்ட்தான். பதினோரு மணிக்கு மேல் அந்த ரோட்டில் திறந்திருப்பது ஃப்ரைட் ரைஸ் வண்டியும் டீக்கடையும் மட்டும்தான். பெண்கள் அந்த நேரத்தில் கேட் தாண்டிப் போவதும் இல்லை, எங்களுக்கு வீட்டு வாசலுக்கு வரும் ஆர்டர்தான் கதி. பிஜி வாடகையில் சாப்பாட்டுக் காசும் பிடிக்கிறார்கள், சாப்பிட முடியாத நேரத்தில் போடுகிறார்கள். இதில் “வீட்டில் சமைத்துச் சாப்பிடு” என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. பிஜி அக்காவிடம் பேசி காலை இட்லியை டப்பாவில் எடுத்து வைக்கச் சொன்னேன், மூணு மணிக்கு எழுந்ததும் அதுதான், தொட்டுக்கொள்ளப் பொடி. மதியச் சாப்பாடு மெஸ்ஸில் நாலு மணி வரை கிடைக்கும், பொரியலும் மோரும் ரெண்டாவது தடவை கேட்டால் போடுவார்கள். அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், அங்கே வரிசையில் நிற்கக் கூச்சப்படும் ஐடிக்காரர்களை எனக்குத் தெரியும். பையில் எப்போதும் வாழைப்பழம், வறுத்த கடலை. கெட்டிலில் முட்டை அவிக்கலாம், அதை எந்த ஓனரும் பிடுங்குவதில்லை. கோலாவை மட்டும் முழுதாக நிறுத்தினேன், ஒரு 300 மில்லி கேனில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. ராத்திரி வண்டிக் கடை இன்னும் போகிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

வாணலி_மகன்:
வண்டிக்குப் போனால் வாயைத் திறந்து கேளுங்கள். “எண்ணெய் பாதி, காய் டபுள், சாஸ் கம்மி” என்று சொன்னால் எந்த மாஸ்டரும் செய்து தருவார், பத்து ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் கேளுங்கள், பத்து ஆர்டர் நிற்கும்போது கேட்டால் திட்டுதான் விழும். ரெண்டு ஆம்லெட்டும் ஒரு ஹாஃப் ரைஸும் வாங்கினால் ஒரு ஃபுல் ரைஸ் விலைதான் ஆகும்.

துரைப்பாக்கம்_ஆந்தை:
ரெண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை, ஷிஃப்ட் அப்படி. டெஸ்ட்_ட்யூப் அண்ணா எழுதியதைப் பார்த்துவிட்டு ரத்த டெஸ்ட் எல்லாம் ஒரு பேக்கேஜாக எடுத்துவிட்டேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.4. பி12 நார்மல். ஹீமோகுளோபின் சரி. வைட்டமின் டி குறைவு. எஸ்ஜிபிடி 71. ட்ரைகிளிசரைடு 268. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்டிஎல் 34. எடை அதே 62 தான்!

சால்னா_சங்கம்:
சர்க்கரை நார்மல், அதுதானே முக்கியம். வைட்டமின் டி இந்த ஊரில் யாருக்கு சரியாக இருக்கிறது, அதுவும் ஆந்தைக்கு.

டெஸ்ட்_ட்யூப்:
சர்க்கரை நல்ல செய்திதான். எஸ்ஜிபிடி 71-ஐ அப்படி விட முடியாது, பெரும்பாலான லேபில் 40, 45-தான் மேல் எல்லை. குடிப்பழக்கம், மாத்திரை, ஜிம் பவுடர், மஞ்சள் காமாலை வைரஸ் இதையெல்லாம் டாக்டர் கேட்பார், அப்படியே சொல்லுங்கள், வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடுங்கள். அந்த ஸ்வீடன் இளைஞர்களுக்கு நாலு வாரத்தில் ஏறியது நினைவிருக்கிறதா, உங்களுக்கு எத்தனை வருடமாக அப்படி ஓடுகிறது என்று தெரியாது. இந்தக் கட்டத்தில் சாப்பாட்டை மாற்றினால் பெரும்பாலும் இறங்கக்கூடிய எண் இது.

ட்ரைகிளிசரைடைப் பற்றி ஒரு கேள்வி. ரத்தம் கொடுத்தது எத்தனை மணிக்கு, கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு?

துரைப்பாக்கம்_ஆந்தை:
காலை ஏழரைக்குக் கொடுத்தேன். வெறும் வயிறுதான் அண்ணா, எழுந்து எதுவும் சாப்பிடவில்லை. அதாவது தூங்கவே இல்லை, ஷிஃப்ட் முடிந்து நேராக லேபுக்குப் போனேன். பன்னிரண்டரைக்கு ஃப்ரைட் ரைஸ், மூணரைக்கு ஒரு டீ.

டெஸ்ட்_ட்யூப்:
அது வெறும் வயிறு இல்லை தம்பி. நைட் ஷிஃப்ட்காரர்கள் எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள், லேபில் நாங்களும் “காலையில் சாப்பிட்டீர்களா” என்று மட்டும் கேட்டுவிட்டு ஊசியைப் போடுகிறோம். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, டீயும் கணக்கில் வரும். லீவு நாளில் சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, காலையில் போய் லிப்பிட், அதாவது ரத்தக் கொழுப்பு டெஸ்ட் மட்டும் திரும்ப எடுங்கள், முழு பேக்கேஜ் வேண்டாம். எஸ்ஜிபிடிக்கு அந்தச் சாக்கு செல்லாது, ரெண்டு மூணு மாதம் சாப்பாட்டை மாற்றிவிட்டு, டாக்டர் சொல்லும் நேரத்தில் அதையும் திரும்பப் பாருங்கள்.

வாணலி_மகன்:
அந்த ஏழு மணிச் சாப்பாட்டையாவது எங்களை மாதிரி ஆளிடம் வாங்காதீர்கள் அண்ணா.